செஞ்சியில் ஓர் இறால் ஓட்டு வீடு

ஏப்ரல் 23, புதன். மாலை செஞ்சி வந்து சேர்ந்தேன். விடுதி அறை இரண்டாம் மாடியில். சன்னலுக்கு எதிரே பாறை மலை. இரவு உணவு இரண்டு இட்லி. மின்சாரம் ஒருமுறை நின்று மீண்டது. வந்து சேர்ந்த செய்தியைப் பினாங்கில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மகள் யாழினி காலமாகிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. இவ்வூரில் ஒரு வீட்டின் கூரைக்கடியில் அவள் பொருத்திய பலகைகளுள் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஞாயிறன்று திரும்ப வேண்டும். மழை இல்லை.

வியாழன் காலையில் சன்னல் கம்பியைத் தொட்டபோது அது இரவின் சூட்டை இன்னும் விடவில்லை. செஞ்சியின் வெப்பம் எங்கள் ஊர் வெப்பத்தைப் போன்றதன்று. பினாங்கில் வெயில் ஈரத்துணியைப் போல உடம்பைச் சுற்றிக்கொள்ளும். பிற்பகல் மழை வந்து அதை அவிழ்த்துவிடும். இங்கே மலைகள் எல்லாம் உருண்டைப் பாறைகளின் அடுக்கு. பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் ஊருக்குள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. விடுதிக்காரர் காபியை வைத்துவிட்டு, "இன்னும் கத்திரியே ஆரம்பிக்கல சார். அதுக்குள்ள இப்பிடி இருக்குது" என்றார். கத்திரி என்பது மே மாதத்து உச்ச வெயில்.

பலகை என்றேன். மரப்பலகை அன்று. யாழினி கட்டடப் பொருள் ஆய்வாளர். பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினாள். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். இறால் பதப்படுத்தும் ஆலைகளில் உரித்தெறியும் ஓடுகள் குவிந்து நாறுகின்றன. அவற்றைக் கழுவி, தேவையற்றதை நீக்கி, எஞ்சியதை வினிகர் போன்ற மெல்லிய புளிப்பில் கரைத்தால் ஒரு பசை கிடைக்கிறது. அந்தப் பசையில் நொறுக்கிய நிலக்கடலைத் தோலைக் குழைத்து, அச்சில் அழுத்திக் காயவைத்தால் பலகை. தோலின் குழிவுகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை இறங்கவிடாது. பசைக்குக் கடலும் தோலுக்குப் புன்செய்க் காடும் வேண்டும் என்று தேடியவளுக்கு, பாண்டிச்சேரிக் கரையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் செஞ்சி கிடைத்தது. நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்போம். இவ்வூரில் மல்லாட்டை.

பலகைகளை ஒரு வீட்டில் பொருத்தி, இரண்டு மழைக்காலம் கடந்தபின் நடுப் பலகையைக் கழற்றிச் சோதிப்பது அவள் வகுத்த முறை. அதற்குள் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அவளுடைய மேலாளர் என்னை அழைத்து, நடுப் பலகை வந்தால் ஆய்வு அவள் பெயரிலேயே நிறைவுறும் என்றும், வராவிட்டால் மூடிவிட நேரும் என்றும் மரியாதையுடன் சொன்னார். யாரையாவது அனுப்புவதாகவும் சொன்னார். நானே போகிறேன் என்றேன்.

மேலாளரிடம் இருந்த முகவரியில் தெருப் பெயர் இல்லை. இறால் ஓட்டு வீடு என்று கேட்டால் செஞ்சியில் எல்லோரும் வழி சொல்வார்கள் என்று யாழினி சொல்லியிருந்தாளாம். கடைத்தெருவில் நின்ற ஆட்டோக்காரரிடம் அவ்வாறே கேட்டேன். நரைத்த மீசையும் காக்கிச் சட்டையுமாக இருந்தார். பெயர் தேவா.

"இறால் ஓட்டு வீட்டுக்குப் போக வேண்டும்."

"இன்னா சார்?"

"இறால் ஓட்டு வீடு."

"எறா ஓட்டலா? இவ்ளோ காலைலயா?"

"ஓட்டல் அன்று. ஓட்டு வீடு."

"அதான் சார் சொல்றேன், வூட்டு சாப்பாடு மாரியே போடுவாங்க. ஏறுங்க."

ஊரைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் ஓர் ஓலைப் பந்தலுக்கு முன் வண்டி நின்றது. மெஸ். பெரிய உடம்புக்காரர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலுமினியத் தட்டு நிறைய ஓடுகள், தலைகள், மீசைகள். தேவா என்னைப் பெருமையுடன் இறக்கிவிட்டு, "சம்பத்தண்ணே, சாரு எறாவுக்காவே வந்துகிறாரு" என்றார்.

தவற்றைச் சொல்ல வாயெடுத்தவன் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் யாழினியும் இறால் மீ சாப்பிடப் போவோம். அவள் தாய் மறைந்தபின் தொடங்கிய வழக்கம். அந்த நூடுல்ஸ் சாற்றுக்கு இறால் ஓடும் தலையும்தான் உயிர். வறுத்து, இடித்து, நெடுநேரம் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். பள்ளிக்குப் போகும் வயதில் அவள் கடைக்காரச் சீன அம்மையாரிடம், வடிகட்டியபின் ஓடு எங்கே போகும் என்று கேட்டாள். குப்பைக்கு என்றார் அவர். "அவ்வளவுதானா?" என்றாள். சாறு ஆறிப்போகும் வரை அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த ஓடுகளை என்ன செய்வீர்கள்?" என்று சம்பத்திடம் கேட்டேன்.

"இன்னா செய்றது, காக்காவுக்குக் கொட்டுவேன். முன்ன ஒரு பொண்ணு வந்து வாங்கினு போவும். மூக்க மூடிக்காம கையாலயே அள்ளும். மலேசியாப் பொண்ணு. யாளினின்னு பேரு."

"நான் அவள் தந்தை."

சம்பத் கையிலிருந்த இறாலைத் தட்டில் வைத்தார். எழுந்து கை கழுவினார். பிறகு தேவாவிடம் திரும்பினார்.

"யோவ், எறா ஓட்டல் இல்லய்யா. எறா ஓட்டு வூடு! வல்லம் ரோட்டாண்ட, தைக்கிற கஸ்தூரி வூடு. சார யார்னு நெனச்சி இட்டாந்த நீ?"

"நான் அவலூர்பேட்டக்காரன், இங்க வந்து நாலு மாசம் ஆவல. எனுக்கு எந்த வூடு தெரியும்? அதுவும் சாரு பேசறது ரேடியோவுல சேதி வாசிக்கற மாரி இருக்குது. பாதி புரியல."

"புரியலன்னா திருப்பிக் கேக்கணும்."

"கேட்டேண்ணே. திருப்பியும் அதே மாரிதான் வாசிச்சாரு."

சம்பத் சாப்பிடாமல் விடவில்லை. சோறும் இறால் தொக்கும் வைத்தார். பினாங்கில் நாங்கள் சேர்க்கும் புளிப்போ இனிப்போ இதில் இல்லை; மிளகாயும் பூண்டும் மட்டும். தேவாவும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். புறப்படும்போது சம்பத் ஏதோ சொல்ல வந்து, "வெயில் தாழ போலாமே சார்" என்று மட்டும் சொன்னார்.

வல்லம் சாலையில், நிலக்கடலைக் கொல்லைகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் அந்த வீடு இருந்தது. சிமென்ட் சீட்டு போட்ட ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. ஓடு என்று சொல்லத்தக்க எதுவும் கூரையில் இல்லை. உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தேவா எனக்கு முன்னே ஓடினார்.

"யக்கா! யாளினி நைனா வந்துகிறாரு!"

இயந்திரம் நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வாயில் நூலைக் கடித்தபடியே எழுந்து வந்தாள். நூலைத் துப்பினாள்.

"எங்க யாளினியோட நைனாவா?"

"ஆம்."

என் முகத்தைக் கூச்சமில்லாமல் பார்த்தாள். "மூக்கு அப்பிடியே இருக்குது. உள்ள வாங்க நைனா, வெயில்ல நிக்காதீங்க."

யாழினி என்ற பெயரை நான் தேர்ந்தது அதிலுள்ள ழகரத்துக்காக. இவ்வூர் நாக்கு ழகரத்தை வைத்துக்கொள்வதில்லை. பணிக்காலம் முழுவதும் பிறர் உச்சரிப்பைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். அன்று திருத்தவில்லை.

உள்ளே அடியெடுத்து வைத்ததும் நின்றுவிட்டேன். வெளியே கண் கூசும் வெயில். சிமென்ட் சீட்டுக்கு அடியில் அந்நேரத்தில் நிற்க முடியாது என்று யாழினி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அறையில் மாமரத்தடியில் நிற்பதுபோல் இருந்தது. தலைக்கு மேலே வெள்ளை ஃபிளெக்ஸ் துணி இழுத்துக் கட்டியிருந்தது. அதற்கு மேலேதான் பலகைகள் என்றாள் கஸ்தூரி.

"அவ வந்து எறா ஓட்டுல செஞ்சத மாட்டறேன்னு சொன்னாளா, தெருவே சிரிச்சிது. எதிர்வூட்டுக்காரி கேக்கறா, ஏன்டி கஸ்தூரி, மழ பேஞ்சா எறாக் கொழம்பு ஒழுகுமா, சட்டி எடுத்தாரட்டுமான்னு! பூன வேற வந்து கூர மேல படுத்துக்கும். அந்த வருசம் கத்திரில அதே எதிர்வூட்டுக்காரி தெனம் மத்தியானம் பாய எடுத்துனு இங்க வந்து படுத்தா. சட்டி எங்கடின்னு கேட்டேன். கம்முனு தூங்குன்னா."

சீட்டு வீட்டுக்காரர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் அதன்பின் ஓட்டு வீட்டுக்காரர்கள் ஆனார்கள். முதலில் கேலிக்கு, பிறகு தெருவுக்கு அதுவே பெயராகிவிட்டது. உயிரினம் தன்மேல் வளர்த்துக்கொள்வதும் ஓடு, மனிதன் தன் வீட்டின்மேல் வைப்பதும் ஓடு. இதை யாழினி எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். இலக்கணத்தில் இதற்கு என்ன பெயர் அப்பா என்று கேட்டாள். பலபொருள் ஒருசொல் என்றேன். "பெயர் இருக்கிறதா, நல்லது" என்றாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். கஸ்தூரி தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்து நீவிவிட்டாள். பள்ளிச் சீருடை. அறை ஓரமெல்லாம் காக்கியும் வெள்ளையும் கட்டுக்கட்டாக இருந்தன.

"எந்த ஓடு வேணும்?"

"நடுவில் உள்ளது. வெப்பமானி பொருத்தியது."

"ஓரத்து ஓடு எல்லாத்தயும் எடுத்துக்குங்க நைனா. எலி கடிச்சிருக்குது, மல்லாட்ட வாசனைக்கு வருது. நடு ஓட மட்டும் கேக்காதீங்க."

"அதைத்தான் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்."

"அது எனுக்கு நேரா மேல இருக்குது." இயந்திரத்தைக் காட்டினாள். "பிளக் பாயின்ட் இங்கதான். மிசின நவுத்த முடியாது. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள இவ்ளோவும் தச்சிக் குடுக்கணும். அவ வர்றதுக்கு முன்ன ஒரு வருசம் இதே ஆர்டர் எடுத்து, மத்தியானம் தைக்க முடியாம மயக்கம் போட்டு வியுந்து, பாதியோட திருப்பிக் குடுத்தேன். அந்த டீச்சரு மறுவருசம் வாசல்ல கூட நிக்கல. இப்பதான் திரும்ப வந்துகிறாங்க."

அவள் மோர் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை செஞ்சியில் சந்தை. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கோட்டைக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். இரண்டு ஆடுகளும் ஏறின. ஒன்று என் மடியில் தலை வைத்தது. ஆட்டுக்குச் சொந்தக்காரப் பெண்மணி, "பயப்படாதீங்க பெரியவரே, கடிக்காது. உங்கள வெலைக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சிக்கினு இருக்குது" என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது. சந்தைக்கூட்டத்தில் வண்டி நகராமல் நின்றது. மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். ஆடுகளும் இறங்கின. கடைசியில் நானும் இறங்கினேன்.

கோட்டை மலையான ராஜகிரியின் உச்சிக்கு ஏற முழங்கால் இடம் தரவில்லை. அடிவாரத்து நெற்களஞ்சியத்துக்குள் உட்கார்ந்தேன். ஆள் நீளத்துக்குத் தடித்த சுவர், வளைவுக் கூரை. உள்ளே குளிர்ச்சி. அரசர்கள் நெல்லுக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று யாழினி ஒருமுறை எழுதியிருந்தாள். தையல் இயந்திரத்தின் முன் கஸ்தூரி மயங்கி விழுந்ததைப் பற்றி அடுத்த வரியில் எழுதியிருந்தாள் என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. தெலுங்கு பேசினார்கள். கல்லூரி நாட்களில் கற்ற தெலுங்கு எனக்குச் சிறிது உண்டு. தகப்பனார் மகளிடம், இங்கேயே இருந்துவிடலாமா, மின்கட்டணம் மிச்சம் என்றார். அப்பா நீங்கள் இருங்கள், நான் வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றாள் அவள். அவர்கள் போனபின்னும் அங்கேயே நெடுநேரம் இருந்தேன்.

மாலையில் விடுதியிலிருந்து மேலாளரை அழைத்தேன். ஓரப் பலகை ஒன்று போதுமா என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில், கவனமாகச் சொற்களைத் தேர்ந்து பதில் சொன்னார். எலி கடித்த பலகையை மட்டும் வைத்து எழுதினால் இந்தப் பொருள் தோற்றது என்றுதான் முடியும். யாழினியின் கடைசி வேலை அவ்வாறு முடிவதை அவர் விரும்பவில்லை. நானும் விரும்பவில்லை. இரவு உணவுக்குக் கீழே இறங்கவில்லை. அறையில் மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பியது.

சனிக்கிழமை முற்பகல் மீண்டும் சென்றேன். வற்புறுத்துவதா, விடைபெறுவதா என்று முடிவு செய்யாமலேயே சென்றேன். வாசலில் குட்டியானை வண்டி நின்றது. சிறிய சரக்கு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். கஸ்தூரியின் கணவர் மல்லாட்டை மூட்டை ஏற்றும் வண்டி அது. யாழினிக்குத் தோல் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே.

"ஏலுமல" என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஏழுமலை என்று நான் மனத்துக்குள் எழுதிக்கொண்டேன்.

கஸ்தூரி என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "ராத்திரி இவுரு ஒரே திட்டு. அந்தப் பொண்ணு பேரு நெலைக்கணும்னு பெத்தவரு கடல் தாண்டி வந்துகிறாரு, நீ மிசினுக்குச் சொல்றியேன்னு. எடுத்துக்குங்க நைனா."

"உங்கள் வேலை?"

"வெடியக்காலைல எழுந்து தச்சிக்கறேன். மத்தியானம் தூங்கறேன். எனுக்குத்தான் ராத்திரில தூக்கமே இல்லியே."

ஏழுமலை அதற்குள் முக்காலி மேல் ஏறிவிட்டார். முதலில் ஃபிளெக்ஸைக் கழற்ற வேண்டும். ஒரு மூலையின் கயிற்றை அவிழ்த்தார். அடுத்ததை அவிழ்ப்பதற்குள் கஸ்தூரி, "யோவ், இருய்யா, அவுர வெளிய..." என்றாள். மற்ற முடிச்சுகளும் நழுவி, துணி முழுவதுமாகச் சரிந்து விழுந்தது. விழும்போது புரண்டு, தையல் மேசைமேல் விரிந்தது.

மேசை முழுவதும் யாழினியின் முகம்.

கண்ணீர் அஞ்சலி என்று மேலே சிவப்பில் இருந்தது. இந்நாட்டில் ஒருவர் இறந்தால் தெருமுனையில் கட்டும் பதாகை. படத்தில் அவள் நீலச் சுடிதார் அணிந்து, கை நிறைய வறுத்த மல்லாட்டையுடன் எதையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுடிதாரை நான் பார்த்ததில்லை.

"நான் தச்சது" என்றாள் கஸ்தூரி, மெதுவாக.

அடியில் வரிசையாகச் சிறு முகங்கள். கஸ்தூரி, ஏழுமலை, வாயைப் பொத்திய ஒரு பெண், எதிர்வீட்டுக்காரியாக இருக்க வேண்டும். மெஸ் சம்பத் கறுப்புக் கண்ணாடி அணிந்து கைகூப்பியிருந்தார். கீழே, 'வருந்தும் எறா ஓட்டு வூட்டார் மற்றும் நண்பர்கள்.' மறைவு என்ற சொல்லுக்கு எதிரே தேதி இருந்தது. தோற்றம் என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெயர் யாளினி என்று அச்சிடப்பட்டிருந்தது.

கஸ்தூரிதான் பேசினாள்.

"ஒரு மாசம் ரோட்ல கட்டியிருந்தோம். அவுக்க சொல்லிட்டாங்க. மத்தவங்க எல்லாம் இதக் கொண்டுபோயி ஆட்டுக் கொட்டாயில கட்டுவாங்க, வைக்கப்போர மூடுவாங்க. எனுக்கு மனசு வரல. எலி கடிச்சித் தூளு கொட்டுதேன்னு இங்க கட்டனோம். மூஞ்சி கீய பாத்தா மாரி வெச்சா நான் எப்பிடித் தைக்கறது, சொல்லுங்க. மேல பாத்தா மாரி வெச்சேன். அவ செஞ்ச ஓட்ட அவளே பாத்துனு இருக்கட்டும்னு."

ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. "நல்லது" என்றேன்.

ஏழுமலை நடுப் பலகையின் திருகுகளைக் கழற்றி என்னிடம் இறக்கினார். ஒரு தலையணையின் எடைதான் இருந்தது. முறிவில்லை, பூஞ்சையில்லை, விளிம்பு மட்டும் சற்றுக் கறுத்திருந்தது. முகர்ந்தேன். வறுத்த கடலையின் வாசம் மிக லேசாக. கடலின் நாற்றம் சிறிதும் இல்லை. அவள் செய்தது நன்றாக இருந்தது. அதை யாரிடமாவது உடனே சொல்ல விரும்பினேன். சொல்ல விரும்பிய ஆள் மேசைமேல் இருந்தாள்.

அதற்குள் சூடு இறங்கத் தொடங்கிவிட்டது. பலகை இருந்த சதுரத்தில் சிமென்ட் சீட்டு வெறுமையாகத் தெரிந்தது. அடுப்பு மூடியைத் திறந்ததுபோல் அதிலிருந்து வெப்பம் நேராக என் உச்சந்தலையில் விழுந்தது. கஸ்தூரி பதாகையை மடித்துச் சுவரோரம் வைத்தாள். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தாள். யாருக்கும் எதையும் காட்டுவதற்காக அல்ல. கையில் காலர் பாதியில் நின்றிருந்தது, அவ்வளவே. இரண்டு காலர் முடிவதற்குள் காதோரம் வியர்வை வழிந்து சட்டைத்துணியில் சொட்டியது. அவள் துணியைத் தள்ளிப் பிடித்தாள்.

"ஏழுமலை," என்றேன், "இதை மேலே மாட்டிவிடுங்கள்."

"இன்னா சார்?"

"பழையபடி மாட்டிவிடுங்கள்."

"ஆபீசுல கேப்பாங்களே நைனா" என்றாள் கஸ்தூரி. இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள்.

"சோதனை இன்னும் முடியவில்லை என்று எழுதுகிறேன். நடந்துகொண்டிருக்கிறது."

"அப்பிடி எழுதினா ஒத்துக்குவாங்களா?"

"தெரியாது, அம்மா."

பொத்தான் அளவுள்ள வெப்பமானியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அது பதிந்துவைத்ததை மேலாளர் பார்க்கட்டும். தண்ணீர்க் குடத்துக்கு மேலிருந்த எலி கடித்த பலகை ஒன்றையும் கேட்டு வாங்கினேன். எலி கடித்ததும் நடந்த செய்திதான். யாழினி அதை மறைத்திருக்கமாட்டாள். அந்த இடத்தில் ஏழுமலை அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சொருகினார்.

கடைசியாகப் பதாகை. ஏழுமலை முக்காலியில், கஸ்தூரி மேசைமேல். மூன்றாம் மூலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க நான் தேவைப்பட்டேன். எந்தப் பக்கம் மேலே என்று அவர் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார். இருந்தபடியே என்றேன். துணி என் கைகளுக்கு மேலே ஏறியது. ஓரத்தைப் பிடித்திருந்த இடத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து என் கட்டைவிரலின் கீழ் இருந்தது.

கயிற்றை இறுக்கிக்கொண்டே ஏழுமலை கேட்டார். "சார், பேரு சரியா இருக்குதா? பிரிண்ட் போடறவன் எந்த எழுத்துன்னு கேட்டான். நான் சொன்ன மாரியே அடிச்சிட்டான். எனுக்கு என் பேரே ஒழுங்கா வராது."

கஸ்தூரியும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.

ஞாயிறு காலை தேவா பேருந்து நிலையத்தில் கொண்டுவிட்டார். வழியில், "ஓட்டலுக்கு இட்டுனு போய்ட்டேனே, கோவமா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இப்பதான் சார் நீங்க சொன்னது புரிஞ்சிது" என்றார். பலகையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அது என்ன என்று கேட்டார். ஓடு என்றேன்.

செய்யாமல் விட்டவை:

மேலாளருக்கு எழுத வேண்டிய பதில்.

ஓரங்களில் எலி நுழையாதபடி அடிக்கக் கம்பி வலை. அளவெடுத்துவந்தேன், வாங்கித் தரவில்லை.

ராஜகிரி.

தோற்றம் என்ற சொல்லுக்கு எதிரே எழுத வேண்டிய தேதியைக் கஸ்தூரியிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இறால் மீ கடை.